குடும்பப் படமும் வயது முத்திரையும்

பிழைப்பின் பொருட்டு மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக் கொள்வோம். விடுமுறை நாளில் நகரத்துக்கு ஒரு தமிழ்ப் படம் வந்திருக்கிறது. தாயும் தந்தையும் பத்து வயது மகளும் புறப்படுகிறார்கள். விளக்கு அணைந்தவுடன் திரையில் முதலில் தோன்றுவது ஒரு சான்றிதழ். அதனை ஊன்றிப் படிப்பவர் சிலரே. சில கணங்களில் மறைந்துவிடும் அந்தத் தாளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

பிரிட்டிஷ் இந்தியாவில் சினிமாவுக்கெனச் சட்டம் பிறந்தது 1918-ஆம் ஆண்டில். 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் ஏற்பட்டன. ஓரிடத்தில் அனுமதி பெற்ற படத்தை மற்றொரு மாகாணம் நிறுத்தி வைக்கவும் இயலும். அக்காலத்துத் தணிக்கையாளரின் கவலை குழந்தைகளைப் பற்றியது என்பதைவிட ஆட்சியைப் பற்றியது என்று சொல்லுதல் பொருந்தும். கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாக பூமி' 1939-இல் வெளிவந்து, மக்கள் திரண்டு பார்த்த பின்னரும், தேச உணர்ச்சியைத் தூண்டுவது என்று தடை செய்யப்பெற்றது.

சுதந்திரத்துக்குப் பின்னர் கேள்வியே மாறிற்று. படத்தைக் காட்டலாமா என்பதோடு, யாருக்குக் காட்டலாம் என்ற வினாவும் எழுந்தது. 1949-இல் சட்டம் திருத்தப்பெற்று, எல்லோரும் காணத்தக்க 'யு', பதினெட்டு வயது நிரம்பியோர் மட்டும் காணத்தக்க 'ஏ' என இரண்டு பிரிவுகள் உண்டாயின. 1951-இல் மத்திய தணிக்கைக் குழு அமைந்தது. 1952-ஆம் ஆண்டின் சட்டமே, பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இதனால் சென்னையில் சான்று பெற்ற படத்துக்கு மைசூரில் தனியே ஒரு சான்று வேண்டியதில்லை. கொட்டகைகளுக்கு உரிமம் அளிப்பது மட்டும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு.

இந்த வயதுப் பிரிவு நியாயமானதுதானா? குவாஜா அகமது அப்பாஸ் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களைப் பற்றி ஒரு சிறு படம் எடுத்தார். மாளிகைகளுக்கு அருகிலேயே நிலவும் வறுமையை அது காட்டிற்று. விலைமாதர் வாழும் தெருவின் காட்சி ஒன்று இருந்தமையால் 'யு' சான்று மறுக்கப்பெற்றது. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1970-இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா அளித்த தீர்ப்பு, முன்தணிக்கையும் வயதுப் பிரிவும் அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்றது. ஆயினும் தீமையைக் காட்டுவதே தீமையாகிவிடாது என்ற நோக்கையும், கலைஞனின் உரிமையையும் அது கருத்தில் கொள்ளச் சொன்னது.

நம் மொழிப் படம் ஒன்றும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது. இட ஒதுக்கீட்டைப் பொருளாகக் கொண்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்துக்கு முதற் குழு சான்று மறுத்தது. மறுஆய்வில் பெரும்பான்மையோர் இசைந்தமையால் 1987-இல் 'யு' கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் சான்றை மீட்டளித்தது. எதற்கெடுத்தாலும் புண்படும் மனத்தை அளவுகோலாகக் கொள்ளாது, சாதாரண அறிவுள்ள மனிதனின் கண்கொண்டே படத்தை நோக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இரண்டு பிரிவுகள் போதவில்லை என்பதும் நாளடைவில் தெளிவாயிற்று. 1983-இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் துணையின் வழிகாட்டலில் காணத்தக்க 'யு/ஏ'யும், குறிப்பிட்ட தொழிலினர்க்குரிய 'எஸ்' என்பதும் சேர்ந்தன. தணிக்கைக் குழுவும் சான்றளிப்புக் குழு என்று பெயர் மாறிற்று. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் 'யு/ஏ'யை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று படிகளாக்கியது.

தீர்மானம் எவ்வாறு நிகழ்கிறது? மண்டல அலுவலகத்தில் ஆலோசனை உறுப்பினர் சிலரும் ஓர் அதிகாரியும் அடங்கிய ஆய்வுக் குழு படத்தைப் பார்க்கிறது. அதில் பெண்களும் இடம்பெற வேண்டுமென்பது விதி. ஒரு காட்சியைத் தனியே பிரித்தெடுத்து முடிவு செய்தல் கூடாது. படம் முழுமையும் மனத்தில் பதிக்கும் விளைவையே நோக்க வேண்டும். முடிவு ஒவ்வாவிடில் தயாரிப்பாளர் மறுஆய்வுக் குழுவை நாடலாம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டபின், அதற்கு மேல் உயர் நீதிமன்றமே புகலிடம்.

இங்கே பணமும் குறுக்கிட்டது. 2011-இல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' சான்றை ஒரு நிபந்தனையாக்கிற்று. வரிவிலக்கை எண்ணிக் காட்சிகளை வெட்டும்படி தயாரிப்பாளரை அது தூண்டக்கூடியதாக இருந்தது. குழந்தையின் நலனுக்கென ஏற்பட்ட முத்திரை வியாபாரக் கணக்கிலும் புகுந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் அந்த ஏற்பாட்டுக்கு முன்போல் இடமில்லாது போயிற்று.

இனி ஹெப்பாளிலிருந்து புறப்பட்ட அக்குடும்பத்தினரிடம் திரும்புவோம். படம் 'ஏ' பெற்றதாயின், சிறுமியை உள்ளே விடாதிருத்தல் கொட்டகைக்காரரின் கடமை. 'யு/ஏ 13' என்றிருந்தாலோ நிலை வேறு. வயதுக் குறி பெற்றோருக்கு அறிவிப்பேயன்றி வாயிற்காவலனுக்கு ஆணையன்று என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. மகளை அழைத்துச் செல்வதா, வேறொரு படத்துக்குக் காத்திருப்பதா என்பதைத் தாய் தந்தையரே முடிவு செய்யவேண்டும்.

அயல்மாநிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தாய்மொழி காதில் விழும் இடங்கள் குறைவு. தமிழ்ப் படம் அவற்றுள் ஒன்று. அதனாலேயே, வந்த படத்துக்கெல்லாம் பிள்ளையை அழைத்துப் போகும் ஆசை நமக்கு மிகுதி. அந்த ஆசை தவறன்று. சீட்டு வாங்குமுன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு, படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் கண்டதைக் குறித்துப் பிள்ளையோடு பேசவும் செய்தால், குழுவினர் தொடங்கிய வேலை வீட்டில் நிறைவு பெறும்.