இரு சாராரும் ஓர் அமானிதமும்

மருந்துச் சோதனை என்றதும் நம் மக்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதன்று என்பதை வரலாறே காட்டுகிறது.

ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ (மறைவு ஹிஜ்ரி 313, கி.பி. 925), 'ஸிர்ஸாம்' எனும் மூளைக்காய்ச்சலின் அறிகுறி தென்பட்டோரில் ஒரு சாராருக்குக் குருதி வடித்தார், மறு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்தார். இவ்வொப்பீட்டை அவரது 'அல்ஹாவீ'யில் காண்கிறோம். குருதி வடித்தலே காத்தது என்பது அவர் முடிவு; இன்றைய மருத்துவம் அதனை ஏற்பதில்லை. வழி சரியே, ஆனால், யார் எச்சாரார் என்பதை மருத்துவரே தெரிவு செய்தால் முடிவு பிறழக்கூடும்.

எனவேதான் 1948இல் வெளியான பிரிட்டானியக் காசநோய் ஆய்வில் 107 நோயாளிகள் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பிரிக்கப்பட்டனர். ஆறு மாதங்களில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். மருந்தின் பயன் ஐயமற விளங்கிற்று. எனினும், தாம் ஓர் ஆய்வில் இருப்பதை அந்த 52 பேரும் அறியார்!

அறிவு வென்ற இடத்தில் அறம் பின்தங்கியது. 1964இன் ஹெல்சின்கிப் பிரகடனம் நோயாளியின் இசைவை வலியுறுத்திற்று. இன்று, விளக்கம் கேட்பதும், மறுப்பதும், இடையில் விலகுவதும் நோயாளியின் உரிமைகள். நோயாளியின் உடல் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேளாமல் அதில் கைவைத்தல் ஆகாது.