கொச்சி நகரின் விருந்தும் மதுவும்: முசிறி முதல் வைட்டிலா வரை

முன்னுரை

உணவும் மதுவும் ஒரு சமூகத்தின் சுவையை மட்டும் காட்டுவன அல்ல. யார் யாருடன் அமர்ந்து உண்ணலாம், யார் எங்கே அருந்தலாம் என்று அச்சமூகம் வகுத்துக்கொண்ட எல்லைகளையும் அவை காட்டுகின்றன. சேரநாட்டின் பழந்துறைகளை அடுத்து எழுந்த கொச்சி நகரம் இவ்வெல்லைகளை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். வணிகக் கப்பல்கள், அயல்நாட்டு ஆட்சிகள், சாதி ஒழுங்கு, சீர்திருத்த இயக்கம், மதுவிலக்குச் சட்டம், சுற்றுலாக் கொள்கை ஆகிய அனைத்தும் இந்நகரின் உணவு மேசையில் தடம் பதித்துள்ளன. நகரின் கிழக்கு வாயிலாக விளங்கும் வைட்டிலாவையும் அதனை ஒட்டிய புறவழிச்சாலையையும் சார்ந்து இன்று உயர்தர விடுதிகள் பல நிற்கின்றன. அவற்றின் விருந்தகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் பின்னணியாக அமைந்த வரலாற்றைத் தொகுத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முசிறியும் யவனர் தேறலும்

கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி எனப் பல சொற்களால் மதுவைச் சுட்டும் சங்க இலக்கியம், உள்நாட்டு மதுவையும் கடல்வழி வந்த மதுவையும் வேறுபடுத்தியே காட்டுகிறது. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல், யவனர் கொணர்ந்த தேறலை மன்னன் பொற்கலத்தில் அருந்துவதைக் குறிப்பிடுகிறது. அகநானூற்று 149ஆம் பாடல், யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீளும் முசிறியைக் காட்டுகிறது. இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்கினால், மேற்குக் கடற்கரை வழியே வந்த பண்டங்களுள் மதுவும் ஒன்று என்பது தெளிவாகும்.

கொச்சிக்கு வடக்கேயுள்ள பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் நிகழ்த்திய அகழாய்வுகள் இலக்கியச் செய்திக்கு வலுச் சேர்த்தன. மதுவும் எண்ணெயும் கொண்டுவரப் பயன்பட்ட மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் ஓடுகள் அங்கு மிகுதியாகக் கிடைத்தன. இங்கு ஒன்று கருதத்தக்கது. அயல்நாட்டு மது தொடக்கம் முதலே அரசனுக்கும் செல்வர்க்கும் உரியதாக இருந்தது. பொற்கலம் அதன் அடையாளம். தோப்பி என்னும் நெற்கள் இல்லத்தில் காய்ச்சப்படுவதாக இருந்தது. அயல்மதுவுக்கும் நாட்டுமதுவுக்கும் இடைப்பட்ட இவ்வேறுபாடு பின்னாளைய சட்டங்களிலும் தொடர்கிறது.

கலவை மதுவின் தோற்றம்

1341இல் பெரியாற்றில் நேர்ந்த பெருவெள்ளத்தால் கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்டுள்ள கருத்து. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியரும், 1663இல் டச்சுக்காரரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். நாட்டுச் சாராயத்துடன் எலுமிச்சை, சருக்கரை, நீர், நறுமணப்பொருள் ஆகியவற்றைக் கலந்து அருந்தும் வழக்கம் கீழைக்கடலில் வணிகம் செய்த ஐரோப்பியரிடையே பதினேழாம் நூற்றாண்டில் பரவியது. இதற்குப் ‘பஞ்ச்’ என்று பெயர். ஐந்து என்னும் பொருளுடைய ‘பஞ்ச’ என்ற சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். இதனை ஏற்காதாரும் உளர். ‘காக்டெயில்’ என்னும் சொல்லுக்கு மது, சருக்கரை, நீர், கசப்புச்சாறு ஆகியவற்றின் கலவை எனும் விளக்கம் அமெரிக்க இதழொன்றில் அச்சேறியது 1806இல்தான். எனவே, இன்று மேலைநாட்டு நாகரிகமாகக் கருதப்படும் கலவை மதுவின் முன்வடிவம் ஒன்று இந்தியக் கடற்கரைகளின் சாராயத்தையும் நறுமணப்பொருளையும் சார்ந்தே வளர்ந்தது எனலாம்.

துறைமுகமும் விடுதியும்

கொச்சியின் நவீன விடுதிப் பண்பாடு துறைமுக வளர்ச்சியோடு தொடங்குகிறது. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, கடல்வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி ஆழ்கால்வாய் அமைத்தார். 1928 மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் அக்கால்வாய் வழியே உள்துறைமுகத்தில் நுழைந்தது. தோண்டியெடுத்த மண்ணால் உருவான நிலத்துக்கு வில்லிங்டன் தீவு எனப் பெயரிடப்பட்டது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பற்பயணிகளுக்கென அத்தீவில் 1930களில் எழுந்த மலபார் ஓட்டலே பின்னர் தாஜ் மலபார் எனப் பெயர்பெற்றது.

அக்காலத்தில் ஐரோப்பியரின் மன்றங்கள் இந்தியர்க்கு மூடப்பட்டிருந்தன. இதனை ஏற்காத பிரிஸ்டோவும் அவர் மனைவியும் இந்தியரும் ஐரோப்பியரும் ஒருங்கே கூடுவதற்கென எர்ணாகுளத்தில் லோட்டஸ் கிளப் தோன்றக் காரணமாயினர். ஒரு மேசையில் அமர்ந்து உண்பதும் அருந்துவதும் அந்நாளில் அரசியல் பொருள் கொண்ட செயல்களாக இருந்தன என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. கி.பி. 1744இல் டச்சுக்காரர் கட்டி, பின்னர் ஆங்கில ரெசிடெண்டின் உறைவிடமாக இருந்த போல்காட்டி அரண்மனையும் விடுதலைக்குப் பின் அரசின் சுற்றுலா விடுதியாயிற்று. ஆட்சியாளரின் உணவறை கட்டணம் செலுத்தும் விருந்தினர்க்குத் திறக்கப்பட்டது.

சமபந்தியும் சகோதரன் ஐயப்பன் சாலையும்

நிறத்தடையைவிடப் பழமையானது சாதித்தடை. 1917 மே 29இல் கொச்சியின் வடக்கேயுள்ள செறாயி என்னும் ஊரில், ஈழவ சமூகத்தில் பிறந்த ஐயப்பன், புலையர் குலத்தோரோடு அமர்ந்து உண்ணும் ‘மிச்ரபோஜனம்’ என்னும் சமபந்தி விருந்தை நடத்தினார். அதனால் ஊர்விலக்குக்கும் இகழ்ச்சிக்கும் ஆளானார். ‘புலையன் ஐயப்பன்’ எனப் பழித்தவர்களின் சொல்லை அவர் பெருமையாகவே ஏற்றார். சகோதரன் என்னும் இதழை நடத்தியதால் சகோதரன் ஐயப்பன் என வழங்கப்பெற்ற அவர், பின்னாளில் அமைச்சராகவும் பணியாற்றினார்.

எர்ணாகுளம் நகரையும் வைட்டிலாவையும் இணைக்கும் பெருஞ்சாலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. இன்று நட்சத்திர விடுதிகளையும் உணவகங்களையும் உடைய அச்சாலையில் செல்வோர் ‘எஸ்.ஏ. சாலை’ எனச் சுருக்கியே வழங்குவதால் பெயரின் பொருள் மறைந்துவிடுகிறது. ஐயப்பனின் ஆசிரியராகிய ஸ்ரீநாராயணகுரு, கள் இறக்குதலைத் தொழிலாகக் கொண்ட தம் சமூகத்தாரிடமே மதுவை விலக்குமாறு வற்புறுத்தியதும் இங்கு நினைக்கத்தக்கது. உடனுண்ணல் உரிமையும் மது மறுப்பும் ஒரே இயக்கத்தின் இரு கூறுகளாக இருந்தன.

ஒரு நகரம், இரு சட்டங்கள்

மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி அரசுக்கு உரியவை. கொச்சிக் கோட்டைப்பகுதியோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சார்ந்தது. 1937 அக்டோபர் 1இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. இதனால் நடந்து கடக்கும் தொலைவிலிருந்த கொச்சிக் கோட்டையும் மட்டாஞ்சேரியும் மதுவைப் பொறுத்தவரை இருவேறு சட்டங்களின் கீழ் அமைந்தன.

கொச்சி அரசு கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது கி.பி. 1901–02இல், இயற்றிய ஆப்காரிச் சட்டமே 1967இல் கேரளம் முழுவதற்கும் உரியதாக விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டில் மலபாரின் மதுவிலக்கும் முடிவுற்றது. அதே 1967 நவம்பர் 1இல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை நகராட்சிகளுடன் வைட்டிலா உள்ளிட்ட ஊராட்சிகளையும் இணைத்துக் கொச்சி மாநகராட்சி அமைக்கப்பட்டது. இன்றைய வைட்டிலாவின் மதுக்கூட உரிமத்துக்கு வேராக இருப்பது மன்னராட்சிக் காலச் சட்டம் என்பது குறிப்பிடத்தக்கது. 1953ஆம் ஆண்டின் அயல்நாட்டு மது விதிகளின்படி விடுதிகளுக்கு வழங்கப்படும் உரிமம் ‘எப்.எல். 3’ எனப்படும். தமிழ்நாட்டிலும் 1981ஆம் ஆண்டு விதிகளின்கீழ் நட்சத்திர விடுதிகளுக்குரிய உரிமம் இதே பெயரால் வழங்குகிறது.

நட்சத்திரம் என்னும் அளவுகோல்

1996 ஏப்ரல் 1 முதல் ஏ.கே. அந்தோணி அரசு கேரளத்தில் சாராயத்தைத் தடை செய்தது. எளியோரின் மது தடைக்குள்ளாயிற்று. விடுதிகளின் மது தொடர்ந்தது. 2014 ஏப்ரலில் 418 மதுக்கூடங்களின் உரிமங்கள் புதுப்பிக்கப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர்ந்த பிற மதுக்கூடங்கள் அனைத்தையும் மூட முடிவு செய்தது. மூடப்பட்டவற்றுள் பல, பீரும் ஒயினும் மட்டும் விற்கும் இடங்களாக மாறின.

ஐந்து நட்சத்திரத்துக்கு மட்டும் விலக்களிப்பது சமத்துவ உரிமைக்கு முரணானது என விடுதி உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2014 அக்டோபரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி நான்கு நட்சத்திர விடுதிகளுக்கும் பாரம்பரிய விடுதிகளுக்கும் இசைவளித்தார். 2015 மார்ச்சில் அந்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அரசின் கொள்கையை ஏற்றது. 2015 டிசம்பர் 29இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. சுற்றுலாவின் தேவையும், ஐந்து நட்சத்திர விடுதிகளின் உயர்ந்த விலையே மிகுகுடியைத் தடுக்கும் என்பதும் அத்தீர்ப்பில் கருதப்பட்ட காரணங்களுள் அடங்கும். விலை என்பது வணிகர் வைக்கும் எண்ணாக இருந்த நிலை மாறி, சட்டம் ஏற்கும் வேலியாயிற்று.

அடுத்த மாற்றம் சாலையால் வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15இல் ஆணையிட்டது. 2017 ஏப்ரல் முதல் அது மதுக்கூடங்களையும் கட்டுப்படுத்தியது. இடப்பள்ளியிலிருந்து வைட்டிலா வழியே அரூர் செல்லும் புறவழிச்சாலை தேசிய நெடுஞ்சாலையாதலால், ஐந்து நட்சத்திரத் தகுதியும் இங்கு போதாததாயிற்று. மாநகர எல்லைக்குட்பட்ட உரிமங்களுக்கு அவ்வாணை தடையன்று என்ற விளக்கம் 2017 ஜூலையில் கிடைத்தது. அதே மாதத்தில் பினராயி விஜயன் அரசு மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு மதுக்கூடம் அனுமதிக்கும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. 1967இல் மாநகராட்சியில் இணைந்த ஒரு சிற்றூராட்சியின் நிலை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அங்குள்ள விடுதிகளுக்குப் பயன் தந்தது.

கள்ளுக்கடைச் சுவையும் தமிழர் உழைப்பும்

வைட்டிலா நடமாட்ட மையம் 2011இலும், மெட்ரோ இரயில் 2019இலும், மேம்பாலம் 2021 ஜனவரியிலும், நீர்மெட்ரோ 2023 ஏப்ரலிலும் திறக்கப்பட்டன. சக்கரபறம்பு, மரடு, குண்டன்னூர் எனப் புறவழிச்சாலை நெடுக உலகளாவிய பெயர்களைத் தாங்கிய விடுதிகள் நிற்கின்றன. அவற்றின் உணவுப்பட்டியலை நோக்கினால் வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன், கப்பைக்கிழங்கு, வாத்துவறுவல் முதலியன இடம்பெறுகின்றன. இவை காயலோர இல்லங்களிலும் கள்ளுக்கடைகளிலும் உழைப்பாளர் உண்டவை. தாஜ் மலபாரின் உணவகமொன்று நெல் ஏற்றிச்சென்ற கெட்டுவள்ளத்தின் பெயரையும் வடிவையும் தாங்கி ‘ரைஸ் போட்’ என வழங்குவதும் இப்போக்கின் பாற்பட்டதே. உணவு மேலேறிய அளவுக்கு அதனை உண்டோர் மேலேறினரா என்பது வரலாற்றாய்வு எழுப்பவேண்டிய வினா.

இவ்விடுதிகளின் மேசைக்குப் பின்னால் தமிழரும் உள்ளனர். கொச்சிக் கோட்டை வெளிப்பகுதியில் வாழும் வண்ணார் சமூகத்தார், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நிலத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழியினர் எனக் கூறப்படுகின்றனர். அவர்களுக்கென 1976இல் துறைகளுடன் அமைக்கப்பட்ட தோபிகானாவில் விடுதிகளின் துணிகளும் வெளுக்கப்பட்டு வருகின்றன. வில்லிங்டன் தீவை அடுத்த வாத்துருத்தியில் தமிழ்நாட்டிலிருந்து கூலிவேலைக்கு வந்தோர் குடியிருக்கின்றனர். விருந்தின் வரலாறு உண்டோரின் வரலாறாக மட்டும் எழுதப்படின் இவர்கள் அதில் இடம்பெறார்.

முடிவுரை

யவனர் தேறல் பொற்கலத்தால் வரையறுக்கப்பட்டது. மன்றங்களின் மேசை நிறத்தாலும் ஊர்ப்பந்தி சாதியாலும் வரையறுக்கப்பட்டன. லோட்டஸ் கிளப்பும் செறாயிப் பந்தியும் முறையே நிறத்தடையையும் சாதித்தடையையும் எதிர்த்து எழுந்தவை. அவற்றின் பின் இன்று நிற்பது நட்சத்திரத் தகுதியும் விலையும் இட்ட எல்லை. இது பிறப்பால் அமைவதன்று. ஆதலின் முன்னவற்றினும் தளர்வானது. எனினும் சாராயம் விலக்கப்பட்டு விடுதி மது நிலைத்ததும், உயர்விலையே தகுதியாக ஏற்கப்பட்டதும், மதுக்கொள்கையின் சுமை எளியோர்மேல் மிகுதியாக விழுந்ததைப் புலப்படுத்துகின்றன. சமபந்தி நடத்தியவரின் பெயர் தாங்கிய சாலையில் நின்று இவ்வரலாற்றை நோக்கும்போது, 1917இல் எழுந்த உடனுண்ணல் வினா இன்னும் முற்றும் விடை பெறவில்லை என்பது பெறப்படுகிறது.