பக்கவாதத்திற்குப் பின் வீட்டுப் பராமரிப்பும் உணர்வுசார் நுண்ணறிவும்

பக்கவாதம் ஏற்பட்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு மருந்து, இயன்முறைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவை இன்றியமையாதவை. நோயாளரும் பராமரிப்பவரும் தத்தம் உணர்வுகளைப் புரிந்து கையாளுவதும் அதே அளவு முக்கியமானது. மனம் தளர்ந்தவர் பயிற்சியைக் கைவிடுகிறார். பயிற்சி தடைப்பட்டால் கை கால்களின் இயக்கம் மீள்வது தாமதமாகிறது.

உணர்வுசார் நுண்ணறிவு என்றால் என்ன?

தன் மனத்தில் எழும் உணர்வை அறிதல், அதனை ஆளுதல், பிறர் உணர்வை உணர்தல், அதற்கேற்ப நடந்துகொள்ளுதல் ஆகிய திறன்களின் தொகுப்பே உணர்வுசார் நுண்ணறிவு ஆகும். அமெரிக்க உளவியலாளர்களான பீட்டர் சாலோவே, ஜான் மேயர் இருவரும் 1990-ஆம் ஆண்டில் இக்கருத்தை விளக்கினர். 1995-இல் வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் இதனைப் பரவலாக்கியது. இத்திறனைப் பயிற்சியால் எந்த வயதிலும் வளர்த்துக்கொள்ளலாம்.

நோயாளரிடம் காணப்படும் மாற்றங்கள்

• மனச்சோர்வு: பக்கவாதம் ஏற்பட்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, பயிற்சி செய்ய மறுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கருத வேண்டா. இது சிகிச்சையால் குணமாகக் கூடியது.

• கட்டுப்படாத அழுகை அல்லது சிரிப்பு: காரணமின்றித் திடீரென அழுவதும், பொருந்தாத இடத்தில் சிரிப்பதும் மூளைப் பாதிப்பின் விளைவாக இருக்கலாம். அவரைக் கடிந்துகொள்ளாமல், சற்று நேரம் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். இதற்கும் மருந்து உண்டு.

• பேச்சிழப்பு: பேச இயலாத பலருக்குப் பிறர் பேசுவது ஓரளவேனும் புரியும். ஆகவே, அவர் முன்னிலையில் செலவு, சுமை, எதிர்காலம் பற்றி அவர் அங்கு இல்லாதது போல் பேசாதீர்கள்.

பராமரிப்பவரின் மனநிலை

தந்தையைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் விழித்திருந்து கவனிக்கும் மகளுக்குச் சினமும் சலிப்பும் வருவது இயல்பு. சினந்தபின் குற்றவுணர்வும் வரும். இவ்வுணர்வுகள் தோன்றுவது அன்பின்மைக்கு அடையாளம் அன்று. அவற்றை அறியாமலும் வெளியிடாமலும் விடும்போது, கடுஞ்சொல்லாகவோ சொந்த உடல்நலக் குறைவாகவோ அவை வெளிப்படுகின்றன.

நாள்தோறும் பயில வேண்டிய நான்கு படிகள்

நோயாளர் உணவுத் தட்டைத் தள்ளிவிடுகிறார் எனக் கொள்வோம்.

1. நிறுத்துங்கள். உடனே பதில் பேசாமல் சில முறை மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்.

2. பெயரிடுங்கள். "எனக்கு இப்போது கோபம் வருகிறது, நான் களைத்திருக்கிறேன்" என மனத்திற்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

3. காரணத்தைத் தேடுங்கள். விழுங்குவதில் சிரமமா, வலியா, பிறர் ஊட்டுவதால் ஏற்படும் கூச்சமா எனப் பாருங்கள். உண்ணும்போது இருமலோ புரையேறுதலோ இருந்தால் உணவூட்டுவதை நிறுத்தி, மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

4. கேளுங்கள். "சாப்பாடு பிடிக்கவில்லையா? பிறகு சாப்பிடுகிறீர்களா?" என ஒவ்வொன்றாக, ஆம் அல்லது இல்லை எனத் தலையசைத்து விடை சொல்லத்தக்க கேள்விகளைக் கேளுங்கள். இயன்றவரை அவர் கையாலேயே உண்ணவிடுங்கள்.

நோயாளர்களுக்கு

பிறர் உதவியை நாட நேர்வது உங்கள் மதிப்பைக் குறைப்பதில்லை. அச்சத்தையும் வருத்தத்தையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். நேற்று இயலாதது இன்று சிறிதளவு இயன்றால், அதனைக் குடும்பத்தினரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

பணிக்குச் செல்லும் பராமரிப்பாளர்களுக்கு

வீட்டுச் சுமையை மறைத்துப் பணியாற்றினால் கவனக்குறைவும் சகப் பணியாளர்களோடு உரசலும் ஏற்படக்கூடும். மேலதிகாரியிடம் நிலைமையைச் சுருக்கமாகத் தெரிவித்து, தேவையானதைக் குறிப்பாகக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமைகளில் இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல இரண்டு மணி நேர அனுமதி வேண்டும்" என்பது போன்ற கோரிக்கையைப் பரிசீலிப்பது எளிது. வீட்டிலும் உடன்பிறந்தோரிடம் வேலைகளையும் நாள்களையும் குறிப்பிட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

எப்போது உதவியை நாட வேண்டும்?

• மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நோயாளராயினும் பராமரிப்பவராயினும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.

• வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினாலோ, நோயாளரைத் தாக்கிவிடுவோமோ என்ற அச்சம் எழுந்தாலோ காத்திருக்க வேண்டா. 14416 என்னும் டெலி மானஸ் கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.

• முகம் கோணுதல், கை கால் திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

• தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெறுவது குறித்து உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

அடுத்த மருத்துவப் பரிசோதனையின்போது இரத்த அழுத்த அளவைச் சொல்வதைப் போலவே, உங்கள் இருவருடைய மனநிலையையும் மருத்துவரிடம் தவறாது தெரிவியுங்கள்.