ராமானுஜனின் போர்வை

கணிதமேதை ராமானுஜனைப் பற்றி யார் எழுதினாலும் 1729 என்ற எண் வந்துவிடும். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் இருந்த ஐந்து வருடத்தில் அந்த மனிதர் எப்படித் தூங்கினார், என்ன சாப்பிட்டார், யாரிடம் பேசினார் என்பதே ஒரு கட்டுரைக்குத் தாராளமாகக் காணும்.

முதலில் தூக்கம். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் (பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்) ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போனார். ராத்திரி குளிர் தாங்க முடியவில்லை, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிப் போர்வைகள் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் அவற்றை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு வைப்பது அந்த ஊர் வழக்கம். அவற்றை உருவி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்குத் தெரியாது. அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் போர்வையை விலக்கி எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார். ராமானுஜன் மிகவும் நெகிழ்ந்துபோனாராம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1967-இல் எழுதிய ராமானுஜன் நூலில் இந்த நினைவு பதிவாகியிருக்கிறது.

எங்கள் தேவாரத்தில், ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறவரை "கம்பளி எடுத்தாச்சா?" என்று கேட்காமல் வாசல் தாண்ட விடமாட்டார்கள். இத்தனைக்கும் மலை கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. ராமானுஜன் போனது ஒரு மாதக் கடல் பயணத் தூரம்.

கிளம்பும்போது யாரும் சும்மா அனுப்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. குடுமியை எடுத்தார்கள், கோட்டு தைத்தார்கள், கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். ஆக, வெளியே நாலுபேர் பார்க்கிற காரியத்துக்கெல்லாம் பயிற்சி நடந்தது. ராத்திரி தனியாகப் படுக்கிற காரியத்துக்குப் பயிற்சி உண்டா என்று யாருக்கும் தோன்றவில்லை. 1914 மார்ச் 17-ஆம் தேதி 'நெவாசா' கப்பலில் ஏறியவர் ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். மனைவி ஜானகி சின்னப் பெண், ஊரிலேயே இருந்துவிட்டார்.

லண்டனில் முதல் சில நாள் அவர் தங்கிய இடம் குரோம்வெல் சாலை 21-ஆம் எண் வீடு. இந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் படிக்கும் இந்திய மாணவர்களின் நிலையை விசாரிக்க 1907-இல் லீ-வார்னர் தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. அவர்கள் விசாரித்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள். அரசு அதை வெளியிடவில்லை. 1909 ஜூலை 1-ஆம் தேதி லண்டனில் மதன்லால் திங்ரா என்ற இந்திய மாணவர் கர்சன் வைலி என்ற அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டில் இந்திய மாணவர்களுக்கான தகவல் அலுவலகமும் ஆலோசகர் பதவியும் ஏற்பட்டன. 1910-இல் அந்த அலுவலகம் குரோம்வெல் சாலைக்கு வந்தது. புதிதாக வருகிறவருக்கு அறை, வழிகாட்டல் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் நம்மைக் கண்காணிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று மாணவர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். நம்மைக் கண்டு பயப்படுகிறவரிடம் போய், 'ஐயா, எனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று யார் சொல்வார்கள்? லீ-வார்னர் அறிக்கை அச்சில் வந்தது 1922-இல்தான், அதுவும் இன்னொரு குழுவின் அறிக்கைக்குப் பின்னிணைப்பாக. ராமானுஜன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதே மாதிரி அச்சேறாமல் கிடந்த இன்னொரு எழுத்தும் உண்டு. எழுதியவர் காந்தி. 1888-இல், 19 வயது நிறைவதற்குள், சட்டம் படிக்க லண்டன் கிளம்பியவர். இறைச்சி தொடமாட்டேன் என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டு வந்து, முதல் சில வாரங்கள் வயிறு நிறையாமல் திண்டாடினார். தினமும் மைல் கணக்கில் நடந்து தேடி, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து சைவ உணவுச் சங்கம், அதன் செயற்குழு, நண்பர்கள் என்று அவருக்கு லண்டனில் ஒரு வட்டமே உண்டாகிவிட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, லண்டனுக்குப் படிக்க வரும் இந்தியருக்காக ஒரு கையேடு எழுதினார். என்ன துணி எடுத்து வர வேண்டும், வாரம் ஒரு பவுனில் எப்படிக் காலம் தள்ளலாம், எதைச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கையேடு. அவர் காலத்தில் அது புத்தகமாக வரவேயில்லை. இன்று அவருடைய தொகுப்பு நூல்களின் முதல் தொகுதியில் வாசிக்கலாம்.

ராமானுஜனுக்கும் கேம்பிரிட்ஜில் ஆரம்பம் நன்றாகவே இருந்தது. அவரைச் சென்னையில் சந்தித்து அழைத்து வந்த பேராசிரியர் நெவில், தம் வீட்டிலேயே இரண்டு மாதம் வைத்துக்கொண்டார். பழக்கமில்லாத காய்கறிகளும், 26 வருடம் சுதந்திரமாக இருந்த கால்களைக் கடித்த பூட்சும்தான் அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தன என்று நெவில் பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார். ஆகஸ்டில் உலகப்போர் வந்தது. கல்லூரி காலியாகிக்கொண்டே போனது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குப் போனார். கல்லூரியின் ஒரு முற்றத்திலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனை வைத்தார்கள்.

கல்லூரிச் சமையலில் பன்றிக் கொழுப்பு சேரும் என்பதால் பொதுக்கூடத்தில் அவர் சாப்பிடவில்லை. தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஆராய்ச்சி மும்முரத்தில் சமையல் நேரம் தவறும், ஒருநாளைக்கு ஒருவேளை என்றும் ஆகும். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை என்பதைத்தான் நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன். டிரினிட்டிக் கூடத்தில் சாப்பிடுவது என்றால் நாலுபேரோடு பழகுவது. அது இல்லையென்றால் ஒருவர் உடம்பு இளைப்பதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது.

ஒருமுறை இந்திய நண்பர் ஒருவரையும் அவர் மணக்க இருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். தாமே ரசம் வைத்தார். இருவரும் ருசித்துக் குடித்து மறுமுறையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது அந்தப் பெண் போதும் என்றார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து, ஐந்து பவுன் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. வேண்டாம் என்றது தம்மை அவமதித்ததாகப் பட்டதாம். இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல நாள் தனியாகச் சாப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு ஆளைக் கூப்பிட்டு இலை போட்டால், அந்த ஒரு கரண்டி ரசத்தில் எவ்வளவு இருந்திருக்கும்!

1917-இல் படுத்துவிட்டார். காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். குடலிலிருந்து ஈரலுக்குப் போன அமீபா நோயாக இருந்திருக்கலாம், அந்தக் காலத்திலேயே குணப்படுத்தியிருக்க முடியும் என்று 1994-இல் ஒரு ஆங்கில மருத்துவர் எழுதினார். காசநோய்க்கு அன்றைய சிகிச்சை குளிர்ந்த திறந்தவெளிக் காற்று. மாட்லாக் என்ற ஊரின் மருத்துவ விடுதியிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு மாதமாக அறையில் நெருப்பே போட விடவில்லை என்றும், குளியலறை மட்டும் கதகதப்பாக இருப்பதால் தினமும் ஒருமணி நேரம் தாளும் பேனாவுமாக அங்கே போய்க் கணக்குப் போடப் போவதாகவும் சொல்கிறார்.

ஊரிலிருந்து வந்த கடிதமும் குறைந்துபோனது. ஜானகி எழுதியவற்றை மாமியார் தபாலில் சேரவிடவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அவருக்கோ மனைவி எழுதவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் உயிரை விட முயன்றார். நல்லவேளையாக ரயில் நின்றுவிட்டது. போலீஸ் பிடித்தபோது ஹார்டி வந்து பேசி மீட்டார். அதே ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. வாழ்க்கை வரலாறுகளில் இந்த இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். வாசிக்கிறவருக்கு ஒருமாதிரி ஆகிவிடும்.

ஹார்டியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தினமும் பார்த்தார்கள், தினமும் கணக்குப் பேசினார்கள். வேறு எதையும் துருவிக் கேட்பது ஹார்டியின் சுபாவத்தில் இல்லை, சொல்வது ராமானுஜனின் சுபாவத்திலும் இல்லை. துருவிக் கேட்டவர் இன்னொருவர். பெயர் ராமலிங்கம், இங்கிலாந்தில் பொறியாளராக இருந்த தமிழர். 1914-இல் அந்தக் குரோம்வெல் சாலை வீட்டில் ராமானுஜனோடு பழக்கமானவர். 1918 ஜூனில் மாட்லாக் போய்ச் சில நாள் கூட இருந்துவிட்டு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். என்ன கொடுக்கிறார்கள், எதைத் தொடாமல் வைக்கிறார், சமையல்காரருக்கு எது வரவில்லை, இப்படியே போனால் என்ன ஆகும் என்றெல்லாம். ராமானுஜனின் நாக்குப் பிடிவாதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை, கண்டித்தே எழுதினார். சொந்தக்காரர் எழுதுகிற மாதிரியான கடிதம். நான்கு வருடம் தாமதமாகப் போனது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது ஜெர்மனி, அயர்லாந்து, ஜார்ஜியா என்று படிக்கப் போகிறார்கள். பெட்டியில் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் போகின்றன. வீடியோ காலில் அப்பாக்கள் பரீட்சையையும் ஃபீஸையும் பற்றிப் பேசுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி மட்டும் ஃபோனைப் பிடுங்கி, "என்ன கொழம்பு வச்ச? கூட யாரு சாப்ட்டா?" என்று கேட்பார். லீ-வார்னர் குழு தன் விசாரணையில் இந்த இரண்டாவது கேள்வியைச் சேர்த்திருக்கலாம்.

ராமானுஜன் 1919 பிப்ரவரி 27-இல் கப்பலேறி ஊர் திரும்பினார். புறப்படுமுன் ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குக் கொடுக்கப்போகும் பணத்தில் மிஞ்சுவதை ஏழை மாணவர், அனாதைப் பிள்ளைகள் படிப்புச் செலவுக்கு வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சேத்துப்பட்டில் காலமானபோது வயது 32. கடல் தாண்டிப் போனவர் என்று உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை.

அதே 1920-இல், சேலத்தில் பிறந்த கே.டி. பால் முன்கை எடுத்து ஒய்.எம்.சி.ஏ. சார்பில் லண்டனில் இந்திய மாணவர் விடுதி ஒன்று தொடங்கப்பட்டது. அரசாங்க வாசனை இல்லாத இடம் என்பதால் மாணவர்கள் தாராளமாகப் போனார்கள். பிற்பாடு அந்த விடுதி ஃபிட்ஸ்ராய் சதுக்கத்துக்கு மாறியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. ராமானுஜன் 1918-இல் கொஞ்ச காலம் படுத்திருந்த ஃபிட்ஸ்ராய் ஹவுஸ் மருத்துவமனையும் அந்தச் சதுக்கத்தில்தான் இருந்தது. விடுதியின் உணவுக்கூடத்தில் வெளியாட்களும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். சோறு, பருப்பு, காய்கறி எல்லாம் உண்டு.