ஒரு பிடி, மூணு குழல்

ரெண்டு வாரமா ஆபீஸில் ஆணி ஜாஸ்தி. அதனால்தான் ஆளைக் காணோம்.

2024ல் பாரிஸில் மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து தில்லியில் நம்ம வீட்டுப் பிள்ளைகளும் பிஸ்டலைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பிளாக்கில் இருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியின் மகன் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போகிறான். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டினார்களே, அதேதான். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பய .22ல ஒண்ணு, .32ல ஒண்ணுன்னு ரெண்டு துப்பாக்கி கேக்கான். ஒண்ணை வாங்கிட்டு குழலை மட்டும் மாத்திக்கிட முடியாதா? மிக்ஸிக்கு ஜார் மாத்துத மாதிரி?"

மாற்றலாம். மிக்ஸி உதாரணம் கிட்டத்தட்ட சரியும்கூட. ஆனால் இதை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவாரஸ்யமான கதை.

முதலில் ஒரு சின்ன விஷயம். .22 என்றால் குண்டின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். .32 என்றால் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் அதோடு முடிந்துவிடாது. .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்கத்து விளிம்பில் இருக்கும், ஊசி அங்கேதான் தட்டவேண்டும். .32 தோட்டாவில் நடு மையத்தில் தட்டவேண்டும். அதனால் குழலை மட்டும் மாற்றினால் வேலைக்காகாது. ஊசி இருக்கும் போல்ட், மேகசின் எல்லாமே சேர்ந்து மாறவேண்டும். மாறாமல் இருப்பது பிடியும் அடிச்சட்டமும்தான்.

ஜெர்மனியின் வால்தர் கம்பெனி 1960களில் செய்தது இதைத்தான். ஓ.எஸ்.பி. என்ற பிஸ்டலுக்கு .22 ஷார்ட் தோட்டா. 1968ல் வந்த ஜி.எஸ்.பி.க்கு .22 லாங் ரைஃபிள். அதே ஜி.எஸ்.பி. சட்டத்தின் மேல் .32 குழலையும் போல்ட்டையும் ஏற்றிக்கொள்ளலாம். விசைப்பகுதி தனிப் பெட்டி மாதிரி கழன்று வரும். ஆகக்கூடி, கைக்குப் பழகின ஒரு பிடியை வைத்துக்கொண்டு மூணு காலிபர்.

ஏன் மூணு? போட்டிகள் அப்படி. 25 மீட்டரில் ரேபிட் ஃபயருக்கு ஒரு தோட்டா, ஸ்டாண்டர்ட் பிஸ்டலுக்கு இன்னொன்று, சென்டர் ஃபயருக்கு 7.62 முதல் 9.65 மில்லிமீட்டருக்குள் மூன்றாவது ஒன்று. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று சுடுகிறவனுக்கு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிடி வேறாக இருந்தால் கை குழம்பிப்போகும். மர வேலைக்காரர் மாதிரி உட்கார்ந்து பிடியைச் செதுக்கிச் செதுக்கித் தன் உள்ளங்கைக்குப் பொருத்துகிறவர்கள் இவர்கள். பணம் மிச்சம் என்பது ரெண்டாவது காரணம்தான் என்பது என் எண்ணம்.

இதில் ரேபிட் ஃபயர் கதைதான் பெரிய கதை. அஞ்சு இலக்கு, அஞ்சு குண்டு. முதலில் 8 விநாடி, அப்புறம் 6, கடைசியில் 4. நாலு விநாடியில் அஞ்சு தடவை சுட, ஒவ்வொரு முறையும் துப்பாக்கி மேலே எகிறாமல் இருக்கவேண்டும். அதற்குத்தான் பலம் குறைந்த .22 ஷார்ட். 1936 பெர்லினில் கோர்னெலியஸ் வான் ஓயன் தங்கம் வாங்கிய காலம் தொட்டே வால்தர் இதில் கொடிகட்டிப் பறந்தது.

சோவியத்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1956 மெல்போர்னுக்கு எம்.ட்சி.-3 என்று ஒரு தலைகீழ் பிஸ்டல் கொண்டுவந்தார்கள். குழல் மேலே இல்லை, கீழே, கைக்கு நேராக. குண்டு பாயும்போது வரும் உதை நேராகக் கைக்குள் இறங்கிவிடும், மூக்கு எகிறாது. புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அதன்பிறகு விதியை மாற்றி அதை வெளியே தள்ளிவிட்டார்கள். இன்றைக்கும் 25 மீட்டர் பிஸ்டல் எதுவானாலும் 300 x 150 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கவேண்டும். எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது, குழல் 153 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. விசையில் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு, குழல் வானத்தைப் பார்க்கத் தூக்குவார்கள். கல் மேலே வரவேண்டும், விசை விழக்கூடாது. நம்ம ஊர் மளிகைக்கடை தராசுக்கு முத்திரை குத்துகிற சோதனை மாதிரி :-)

ரேபிட் ஃபயர் மட்டும் ரொம்ப நாள் செல்லப்பிள்ளையாகவே இருந்தது. இலேசான விசை, கையைச் சுற்றி மூடிக்கொள்ளும் பிடி, வாயு வெளியேறக் குழலில் ஓட்டைகள். 2004 ஏதென்ஸில் ஜெர்மனியின் ரால்ஃப் ஷூமான் தன் மூன்றாவது தனிநபர் தங்கத்தை வாங்கியதோடு அந்தக் காலம் முடிந்தது. 2005 முதல் .22 ஷார்ட் போச்சு. எல்லாரும் .22 லாங் ரைஃபிள், ஒரு கிலோ விசை, குழலில் ஓட்டை கூடாது. மூணு குழலில் ஒன்றுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எத்தனை வீரர்களின் பெட்டியில் அது தூங்குகிறதோ! சிலருக்கு இது அநியாயமாகப் பட்டது. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஹங்கேரியின் காரோலி டகாச் 1938ல் கையெறிகுண்டு வெடித்து வலது கையை இழந்து, இடது கையால் பழகி 1948லும் 1952லும் இதே போட்டியில் தங்கம் வாங்கினார். அப்படிப்பட்ட போட்டியில் கை ஜெயிக்கட்டுமே, கருவி எதற்கு ஜெயிக்கவேண்டும்?

சரி, அண்ணாச்சி விஷயம். விளையாட்டு விதிப்படி, ஒரு போட்டி முழுக்க ஒரே பிஸ்டல்தான். பழுதானால் மட்டுமே மாற்றலாம். அடுத்த போட்டிக்குக் குழலை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மறுபடி கருவிச் சோதனைக்கு நிற்கவேண்டும். அது சுலபம். நம்ம நாட்டுச் சட்டம்தான் கெடுபிடி.

இங்கே காலிபரைப் பார்த்து அரசாங்கம் பயப்படுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 ரைஃபிள்களை இந்தியாவுக்குள் தடுத்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனிகள் சளைக்காமல் .465, .470 என்று புது அளவுகளைச் செய்து வேட்டைக்காரர்களுக்கு விற்றன. இன்றைக்கு 9 மில்லிமீட்டர் சாதாரண ஆட்களுக்குக் கிடையாது. அதனால்தான் கான்பூர் .32 ரிவால்வருக்கு அவ்வளவு மவுசு. அதில் போடுவதும் சென்டர் ஃபயர் வீரர்கள் சுடுவதும் ஒரே வகைத் தோட்டா, எஸ் அண்டு டபிள்யூ லாங். ".32 ஏ.சி.பி." என்பது வேறு. பெயரைப் பார்த்து ஏமாந்து உரிமத்தில் மாற்றி எழுதிவிட்டால் அலைச்சல்தான்.

1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். தனிக் குழல் என்பது உதிரி பாகம் அல்ல, ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் குழலைக் குறுக்குவது ஆறாவது பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்தில், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அண்ணாச்சி, கம்பெனியே தரும் கிட் ஆனாலும் உரிமத்தில் என்ன எழுதப்போகிறார்கள் என்று பணம் கட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லேத் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம்.

பயல் ரெண்டு காலிபர் கேட்பதில் தப்பில்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா காய்ச்சலோடு சுட்டு, சென்டர் ஃபயரில் 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அதே தோஹாவில் .22 ஸ்டாண்டர்ட் பிஸ்டலிலும் தங்கம் அவருக்குத்தான். விதி மாறிய ரேபிட் ஃபயரில் 2012 லண்டனில் வெள்ளி வாங்கியவர் நம்ம ராணுவத்து விஜய் குமார். 34 எடுத்து க்யூபாவின் லெயூரிஸ் பூபோ முதலிடம், விஜய்க்கு 30. ரெண்டு பேர் கையிலும் இருந்தது அதே .22 லாங் ரைஃபிள், அதே ஒரு கிலோ விசை.