செயலி உருவாக்குநர் அடையாளச் சரிபார்ப்பும் செயலிப் பதிவும்

கைப்பேசிச் செயலியை வெளியிடும் தனிநபர் அல்லது நிறுவனம் யார் என்பதை ஆவணங்களைக் கொண்டு உறுதிசெய்யும் நடைமுறை, செயலி உருவாக்குநர் அடையாளச் சரிபார்ப்பு எனப்படும். அப்படி உறுதிசெய்யப்பட்டவரின் பெயரில் ஒவ்வொரு செயலியையும் சேர்ப்பது செயலிப் பதிவு. முன்னது ஆளைப் பற்றியது, பின்னது பொருளைப் பற்றியது. ஆண்ட்ராய்டில் இவை இரண்டும் நெடுங்காலம் பிளே ஸ்டோருக்குள் மட்டுமே கேட்கப்பட்டன. கடைக்கு வெளியே கைக்குக் கை பகிரப்படும் செயலிகளுக்கும் இவற்றைக் கட்டாயமாக்கப்போவதாக 2025 ஆகஸ்ட் 25 அன்று கூகுள் அறிவித்தது. செயலியைக் கடையில் ஏற்றாமல் ஏபிகே எனும் நிறுவல் கோப்பாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழகிய சிறு தொழிற்கூடங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அத்தகைய கூடங்கள் பல உள்ளன.

பின்னணி

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையிலும், பின்னாளில் பிளே ஸ்டோர் ஆன ஆண்ட்ராய்டு மார்க்கெட் அதே ஆண்டு அக்டோபரிலும் தொடங்கின. ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலர் கட்டணத்துடன் உருவாக்குநரின் சட்டப்பூர்வப் பெயரையும் கேட்டது. கூகுளில் ஒருமுறை 25 டாலர் செலுத்தினால் கணக்கு கிடைத்தது. அந்த எளிமை ஆண்ட்ராய்டை வளர்த்தது. ஒரு பெயரில் தடைசெய்யப்பட்டவர் மறுநாளே வேறு பெயரில் திரும்பி வரவும் அதே எளிமை வழிவிட்டது.

கூகுள் படிப்படியாகப் பிடியை இறுக்கியது. 2023 ஆகஸ்ட் 31 முதல், புதிதாகக் கணக்குத் தொடங்கும் நிறுவனங்கள் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் வழங்கும் ஒன்பது இலக்க டன்ஸ் எண்ணைத் தர வேண்டும் என்றானது. 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்குகள், செயலியை வெளியிடும் முன் 20 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்றது. அந்த எண்ணிக்கை பின்னர் 12 ஆகக் குறைக்கப்பட்டது.

கடைக்கு வெளியே உள்ள செயலிகளுக்கான புதிய விதி, அறிவிக்கப்பட்ட திட்டப்படி, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் முதலில் நடைமுறைக்கு வரும். இந்தியா உள்ளிட்ட பிற நாடுகளுக்கு 2027 முதல் விரிவாக்கப்படும். கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இது பொருந்தும்.

சரிபார்க்கும் முறை

தனிநபர் தம் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றைத் தந்து, அரசு வழங்கிய அடையாள ஆவணத்தைப் பதிவேற்ற வேண்டும். நிறுவனம் என்றால் இவற்றோடு டன்ஸ் எண்ணும் இணையதள முகவரியும் தேவை. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செயலி எழுதுபவர்களுக்கும், கட்டணமின்றி, குறைந்த எண்ணிக்கையிலான கருவிகளில் மட்டும் நிறுவத்தக்க தனிக் கணக்கு ஒன்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் சிக்குவது பெயர்ப் பொருத்தத்தில்தான். ஜிஎஸ்டி சான்றில் உரிமையாளரின் பெயர் முன்னால் நிற்கும், உத்யம் சான்றில் பட்டறையின் பெயர் இருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்பின்னாக மாறியிருக்கும். முகவரியில் மனை எண் ஓரிடத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் இராது. நேரில் பார்க்கும் அதிகாரிக்கு இவை ஒன்றே என்று விளங்கிவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் முறைக்கு விளங்காது. டன்ஸ் எண் பெறவே 30 நாள் வரை ஆகலாம் என்பதால், ஆவணங்களில் பெயரையும் முகவரியையும் முதலில் ஒன்றாக்கிக்கொண்டு விண்ணப்பிப்பதே நல்லது.

பிளே ஸ்டோரில் இத்தகவல்களில் சில பொதுமக்கள் பார்வைக்கும் வரும். நிறுவனக் கணக்கு என்றால் முகவரியும் தொலைபேசி எண்ணும் காட்டப்படும். செயலியால் வருவாய் ஈட்டும் தனிநபரின் முழு முகவரியும் காட்டப்படும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதைக் கருதிக் கணக்கு வகையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

பதிவும் கையொப்பத் திறவுகோலும்

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலிக்கும் இரு அடையாளங்கள் உண்டு. ஒன்று, உலகில் வேறெதற்கும் இருக்கக் கூடாத தொகுப்புப் பெயர். மற்றொன்று, உருவாக்குநரின் கணினியில் உள்ள மறைத் திறவுகோலால் இடப்படும் எண்முறைக் கையொப்பம். புதிய பதிப்பை நிறுவும்போது, பழைய பதிப்பில் இருந்த கையொப்பமே இதிலும் இருக்கிறதா என்று கைப்பேசி பார்க்கும். வேறாக இருந்தால் நிறுவாது.

செயலிப் பதிவு இதன் மேல்தான் நிற்கிறது. உருவாக்குநர் தொகுப்புப் பெயரையும் திறவுகோலின் ஷா-256 கைரேகையையும் தருகிறார். பிறகு, தமக்கெனத் தரப்பட்ட ஒரு குறிப்பைச் செயலிக்குள் வைத்து, அதே திறவுகோலால் கையொப்பமிட்ட ஏபிகே ஒன்றைப் பதிவேற்றித் திறவுகோல் தம்மிடமே உள்ளதை மெய்ப்பிக்கிறார். நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, செயலிக்கு இந்தத் திறவுகோல் அப்படி. அது யார் கையில் இருக்கிறதோ அவரால்தான் பதிவுசெய்ய முடியும்.

பிளே ஸ்டோரில் 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகளின் திறவுகோலைக் கூகுளே காத்து வருகிறது. கடைக்குக் கோப்பை அனுப்ப உருவாக்குநர் தம்மிடம் வைத்திருக்கும் பதிவேற்றத் திறவுகோலைத் தொலைத்தாலும் மீட்டுக்கொள்ளலாம். கடைக்கு வெளியே விநியோகிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோப்பு போனால் போனதுதான். புதிய தொகுப்புப் பெயரில் செயலியை மீண்டும் கட்டி, ஒவ்வொரு கைப்பேசியிலும் புதிதாக நிறுவ வேண்டிவரும்.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இக்கேள்வியைக் கூர்மையாக்கியவை கடன் செயலிகள். பெருந்தொற்றுக் காலத்தில் உடனடிக் கடன் தந்து, தொடர்புப் பட்டியலில் உள்ள உறவினரை எல்லாம் அழைத்து அவமானப்படுத்திய செயலிகளால் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் உயிர்கள் போயின. ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 80க்கும் மேற்பட்ட செயலிக் கடைகளில் சுமார் 1,100 கடன் செயலிகளைக் கண்டறிந்தது. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் வழிகாட்டு நெறிகளும், 2025 மே மாதம் விரிவான ஆணைகளும் வந்தன. 2025 ஜூலை முதல், முறைப்படுத்தப்பட்ட வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வெளியிடுகிறது. ஆனால் அப்பட்டியலில் நிறுவனங்கள் தந்த விவரங்கள் தந்தபடியே இடம்பெறுகின்றன.

எதிர்த்திசையிலும் ஒரு முடிவு உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தபோது, கடைக்கு வெளியே செயலி விநியோகிப்பதைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் கடைக்கு வெளியே விநியோகிப்பது பற்றிய கட்டளையை நீக்கியது.

திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டி வட்டாரம்

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் உருக்காலைகள், வார்ப்பாலைகள், வேதிப்பொருள் ஆலைகள் நிறைந்தது. அருகில் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் டயர் ஆலை உள்ளது. திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. பெரிய ஆலைகளுக்குச் சொந்தத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகளுக்கு இல்லை. ஷிப்ட் வருகை, கேட் பாஸ், லோடு எடை, சரக்கிருப்பு ஆகியவற்றுக்கு வெளியாள் ஒருவரிடம் செயலி எழுதி வாங்குவதே அவற்றுக்குக் கட்டுப்படியாகும் வழி.

அந்த வெளியாள் வேறு வேலைக்குப் போய்விட்டால் திறவுகோலும் அவருடனேயே போய்விடும். இதுவரை அதனால் புதிய பதிப்பு மட்டுமே தடைப்பட்டது. பதிவு கட்டாயமானதும், பதிவாகாத செயலியைப் புதிய கைப்பேசியில் வழக்கம்போல் நிறுவவே முடியாது. கணினியோடு கம்பியால் இணைத்து நிறுவும் வழி தொடரும் என்றும், ஆபத்தை அறிந்தே நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி தரப்படும் என்றும் கூகுள் கூறியிருக்கிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் நூறு தொழிலாளர் கைப்பேசிகளுக்கு அவை தோதுப்படா.

இதே வளாகங்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் மிகுதி. வாட்ஸ்அப் குழுவில் வரும் ஏபிகேயைத் திறந்து, ‘அறியப்படாத ஆப்ஸ்’ அனுமதியைத் தட்டுவது இங்கே அன்றாட வேலையின் பகுதியாகிவிட்டால், கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கிப் பரிசுப் புள்ளி என்ற பெயர்களில் வரும் மோசடி ஏபிகேக்கும் அதே விரல் அதே அனுமதியைத் தட்டும். மோசடியில் பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930.

மாற்றுக் கருத்துகள்

கடைக்கு வெளியே இணையவழி வரும் செயலிகளில் தீநிரல், பிளே ஸ்டோரில் இருப்பதைவிட 50 மடங்குக்கு மேல் என்பது கூகுளின் வாதம். திறமூலச் செயலிகளை 2010 முதல் விநியோகித்துவரும் எஃப்-டிராய்டு இத்திட்டத்தை எதிர்க்கிறது. தன்னார்வலர் எழுதும் செயலிகளைப் பிறர் பெயரில் பதிவுசெய்யத் தன்னால் இயலாது என்றும், கடைக்கு வெளியேயும் ஒரே நிறுவனம் வாயிற்காவலன் ஆகிவிடும் என்றும் அது கூறுகிறது. இரு வாதங்களிலும் உண்மை உண்டு. மோசடிக்காரர் பெயர் மாற்றித் திரும்புவதைச் சரிபார்ப்பு கடினமாக்கும். ஆனால் ஒரு செயலியை வெளியிட்டவர் யார் என்பதையே அது சொல்கிறது. அந்தச் செயலி நல்லதா என்பதைச் சொல்வதில்லை.

சிறு தொழில்கள் செய்ய வேண்டியவை

உருவாக்குநர் கணக்கு நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். எழுதித் தருபவருக்குப் பயனர் அனுமதி மட்டும் போதும். தொகுப்புப் பெயர், திறவுகோல் கோப்பு, அதன் கடவுச்சொல், மூலநிரல் நான்கையும் ஒப்படைப்பது வேலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். திறவுகோலின் நகல்கள் இரண்டு தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும். இந்தியாவுக்கு விதி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. செயலிக்கான கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் திறவுகோலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.