ஏழாவது வாசிப்பு: ஹாலே முதல் தஞ்சாவூர் வரை வேதவாசிப்பும் விசுவாசமும்

1. ஆய்வுப் பொருள்

வேதாகமத்தை வாசித்தால் விசுவாசம் வளரும் என்பது சபைகளில் யாரும் மறுக்காத கூற்று. மறுப்பார் இல்லாததாலேயே அது பெரும்பாலும் ஆராயப்படாமல் கிடக்கிறது. நாள் தவறாமல் இரண்டு அதிகாரம் வாசிப்பவரின் விசுவாசம் இற்றுப்போவதும் உண்டு. ஒரே நிருபத்தில் மாதக்கணக்கில் நின்றவர் உறுதிப்பட்டதும் உண்டு. அப்படியானால் விசுவாசத்தைத் தாங்குகிற வாசிப்பு எப்படிப்பட்டது?

இதற்கு விடை தேட, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய லூத்தரன் சபையில் எழுந்த பயட்டிசம் என்னும் பக்திநெறி இயக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். வேதவாசிப்பை ஒரு முறையியலாகவே வகுத்து எழுதிவைத்தவர்கள் அவர்கள். அந்த வட்டத்திலிருந்து வந்தவர்களே 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள் என்பதால், தமிழ்ச் சபைகளின் வாசிப்புப் பழக்கத்துக்கும் அங்கே ஒரு வேர் இருக்கிறது. வாசிப்பவரை மறுத்துப் பேச வசனத்துக்கு இடம் இருக்கும்வரைதான் வாசிப்பு விசுவாசத்தைத் தாங்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. கற்றவனின் ஐயம்

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1663இல் பிறந்தவர். ஹாம்பர்க்கில் எபிரேயம் பயின்றார். 1686இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நண்பர்களுடன் சேர்ந்து, வேதத்தை மூலமொழிகளில் வாசிக்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். வசனங்களின் இலக்கணம் அவருக்குக் கைவந்திருந்தது.

மறு ஆண்டு லூனெபுர்க் நகரில் பிரசங்கம் செய்ய அழைப்பு வந்தது. யோவான் 20:31ஐ எடுத்துக்கொண்டார். வாசிப்பவர் விசுவாசிக்கவேண்டும் என்பதற்காகவே இவை எழுதப்பட்டன என்று சுவிசேஷகர் தம் நோக்கத்தைச் சொல்லும் இடம் அது. பிரசங்கத்தைத் தயாரிக்கையில்தான், பிறருக்குச் சொல்லவேண்டிய அந்த விசுவாசம் தம்மிடமே இல்லை என்று கண்டார். ஐயம் அதோடு நிற்கவில்லை. இது தேவனுடைய வார்த்தை என்பதற்கு என்ன உறுதி, குர்ஆனையும் தல்மூதையும் வைத்திருப்பவர்களும் இதையேதானே சொல்கிறார்கள் என்றுவரை போயிற்று. முழங்காலில் நின்று ஜெபிக்கையில் அந்த ஐயம் ஒரு நொடியில் நீங்கியதாகப் பின்னாளில் எழுதினார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் பலர் அந்த ஜெபத்தோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்திய கட்டமே முக்கியமாகப் படுகிறது. ஐயத்தைக் கிளப்பியது நாத்திக நூல் எதுவும் அல்ல. கூர்ந்து வாசித்த ஒரு வசனம். அவர் அந்த வசனத்தை ஆராய உட்கார்ந்தார். வசனம் அவரை ஆராயத் தொடங்கிவிட்டது. மேலோட்டமாகப் படித்திருந்தால் பிரசங்கம் தடையின்றி முடிந்திருக்கும், ஐயமும் வந்திராது.

3. கூடி வாசித்தல்

ஃபிராங்கேக்கு முன்பே ஃபிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் பிராங்க்பர்ட்டில் வீட்டுக் கூட்டங்களைத் தொடங்கியிருந்தார். 1675இல் வெளியான அவருடைய 'பியா டெசிடெரியா' சபைச் சீர்திருத்தத்துக்கு முன்வைத்த முதல் யோசனையே வேதத்தை இன்னும் பரவலாகப் புழங்கச்செய்வதுதான். ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கென விதிக்கப்பட்ட பகுதிகளை மட்டும் கேட்டு வளரும் சபை, வேதத்தின் சிறு பங்கையே அறியும் என்பது அவர் கண்ட குறை. வீட்டில் குடும்பமாக வாசியுங்கள்; ஆலயத்தில் நூல்களை வரிசையாக வாசியுங்கள்; கூடிவந்து, போதகர் மட்டும் பேசாமல் சபையாரும் கேள்வி கேட்டு வாசியுங்கள் என்றார். இந்த மூன்றாவதற்கு 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தை ஆதாரம் காட்டினார்.

கூடி வாசிப்பதன் பயன் வெளிப்படை: என் வசதிக்கு ஒரு வசனத்தை வளைத்தால், எதிரே இருப்பவர் அடுத்த வசனத்தைக் காட்டுவார். ஆனால் கூட்டமே ஒத்த மனத்தினரின் கூட்டமாகிவிட்டால் இந்தக் காவலும் போய்விடும். ஸ்பேனரின் நெருங்கிய துணைவரான வழக்கறிஞர் யோஹான் யாக்கோப் ஷூட்ஸ், பொதுச்சபையின் திருவிருந்திலிருந்தே விலகிப் பிரிந்துபோனார். லைப்சிக்கிலும் மாணவர்களோடு நகரத்தாரும் கூடத் தொடங்கியதும் அதிகாரிகள் மிரண்டார்கள்; 1690இல் அத்தகைய கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. தடையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்களுடைய அச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்லமுடியாது.

4. ஃபிராங்கேயின் ஏழு வாசிப்புகள்

ஃபிராங்கே 1693இல் லத்தீனில் எழுதிய வேதவாசிப்பு வழிகாட்டியே இவ்வாய்வின் மையம். வாசிப்பை ஏழாகப் பிரிக்கிறது அந்நூல். முதல் மூன்று எழுத்தைப் பற்றியவை: இலக்கண வாசிப்பு, வரலாற்று வாசிப்பு, ஒரு நூலின் வாதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பகுப்பு வாசிப்பு. மற்ற நான்கும் எழுத்தின் உட்பொருளைப் பற்றியவை: விளக்க வாசிப்பு, கோட்பாட்டு வாசிப்பு, நேராகச் சொல்லப்படாததை உய்த்துணரும் வாசிப்பு, கடைசியாக நடைமுறை வாசிப்பு. உமியும் அரிசியும் போன்ற ஒப்புமை பக்திநெறியாரின் எழுத்துகளில் அடிக்கடி வரும். அதை வைத்துக்கொண்டு முதல் மூன்றும் உமி, தள்ளிவிடலாம் என்று முடிவுகட்டுவோர் ஃபிராங்கேயைப் படித்தவர்கள் ஆகமாட்டார்கள். எழுத்தைக் கடக்கிறவர் எழுத்து வழியாகத்தான் கடக்கவேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். 1702இல், தாம் பணியாற்றிய ஹாலே நகரில் கீழைமொழிகளுக்கென உயர்கல்விக் குழு ஒன்றை நிறுவியதும் அதனால்தான்.

வரலாற்று வாசிப்பை எடுத்துக்கொள்வோம். பிலிப்பியர் நிருபத்தில் பவுல் சந்தோஷத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார். அந்த வசனங்களை மட்டும் எடுத்துச் சுவரில் மாட்டினால் இனிய வாழ்த்தாகிவிடும். எழுதியவர் கட்டுண்டு, தீர்ப்பு ஜீவனா மரணமா என்று தெரியாத நிலையில் இருந்தார் என்பதை முதல் அதிகாரம் காட்டுகிறது. அதோடு சேர்த்து வாசிக்கையில், சுகமாக இருப்பதால் சந்தோஷமாக இருக்கும் வாசகரை நிருபம் கேள்வி கேட்கிறது. துன்பத்தில் இருப்பவருக்கும் அதில் கிடைப்பது தட்டிக்கொடுக்கும் ஆறுதலைவிடக் கடினமான ஒன்று. அதனாலேயே நெடுநாள் நிற்பது.

தம் வழிகாட்டியோடு ஃபிராங்கே இணைத்த இன்னொரு பகுதி, வேத ஆசிரியர்களின் உணர்ச்சிகளைப் பற்றியது. ஒரு வசனத்தைப் பவுல் கோபத்தில் சொன்னாரா, கண்ணீரோடு சொன்னாரா என்று உணராமல் பொருள் முழுமையாகாது என்கிறார். மறுபிறப்பு அடைந்தவருக்கே அது தெளிவாகும் என்றும் சேர்க்கிறார். முதற்பாதி கூர்மையான இலக்கிய உணர்வு. பிற்பாதியில் ஆபத்து உண்டு. எனக்கு உள்ளொளி இருப்பதால் என் பொருளே சரி என்று ஒருவர் சொல்லிவிட்டால், இலக்கணம் எதற்கு, வரலாறு எதற்கு?

5. கைக்கெட்டும் நூல்

வழிகாட்டி இருந்தும் நூல் கையில் இல்லாவிட்டால் பயனில்லை. 1710இல் கார்ல் ஹில்டபிராண்ட் ஃபான் கான்ஸ்டைன் ஹாலேயில் வேதாகம நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கோத்த அச்செழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்து, மறுபதிப்புச் செலவைக் குறைப்பது அந்நிறுவனத்தின் திட்டம். 1712இல் புதிய ஏற்பாடு வந்தது. எளியவரும் வாங்கும் விலைக்கு வேதாகமம் இறங்கியது. 

ஹாலேயில் பள்ளிப்படிப்பு முடித்த சின்சென்டார்ஃப் பிரபு வேறு வழியில் போனார். 1728 முதல் அவருடைய ஹெர்ன்ஹூத் குடியிருப்பில் நாளுக்கொரு வசனம் வழங்கும் வழக்கம் தொடங்கியது, 1731இல் அது அச்சு நூலாயிற்று, இன்றும் வெளிவருகிறது. நம் சபைகளில் புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை இதை நினைவூட்டும். அட்டையை நான் இகழவில்லை. அதிகாரத்தைத் திறக்கத் தூண்டினால் நல்லதே. அட்டையோடு நிற்பவருக்குச் சிக்கல்: வாக்குத்தத்தமாக அச்சாகும் வசனங்கள் நம்மைக் கடிந்துகொள்வது அரிது.

6. தரங்கம்பாடியில்

ஹாலே வட்டத்து மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்தார்கள். சீகன்பால்க் 1708இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711இல் முடித்தார். அச்செழுத்துகள் ஹாலேயிலிருந்து வந்தன. அவை பெரியவை, காகிதமோ அரிது. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் எஞ்சிய நிருபங்களும் அச்சேறின.

அந்த அச்சுப் பிரதி ஒன்று தஞ்சாவூர் அரசரின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் கையில் கிடைத்தது. வாசித்தார், எழுந்த கேள்விகளோடு தரங்கம்பாடியாருடன் தொடர்பு கொண்டார். பின்னர் உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் நீண்டகாலம் ஊழியம் செய்தார். எழுத்தைத் துருவுதல், பிறரோடு கலந்து தெளிதல், வாழ்க்கையை மாற்றுதல் என ஃபிராங்கேயும் ஸ்பேனரும் எழுதிவைத்த எல்லாமே அவரிடம் காணக்கிடைக்கிறது.

7. ஏழாவது வாசிப்பின் சோதனை

1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். லூத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகர் அவரே. 1741இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். மற்றச் சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்கத் தயங்குவார்கள் என்ற கணக்கில், அவருக்குப் பதிலாகத் தியோகு என்பவர் பட்டம் பெற்றார். தடுத்தவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்லர். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்னும் கலாத்தியர் நிருபம் 1715 முதல் தமிழ் அச்சில் இருந்தது. முதல் ஆறு வாசிப்புகளும் குறைவின்றி நடந்தன. ஏழாவது, ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்த இருக்கைகளின் முன் நின்றுவிட்டது.

இந்தத் தேக்கம் ஒரு தலைமுறையோடு போகவில்லை. பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைவிட வேதாகமத்தில் ஊறிய தமிழ்க் கவிஞர் அரியர். அவரே 1820களின் பிற்பகுதியில், சபைக்குள் சாதி ஒழுங்கைக் கலைக்க முயன்ற புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாடு சபையிலிருந்து நீங்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் பொதுவழிபாட்டிலிருந்து விலகிக்கொண்டார்கள். விலகியவர்கள் வேதம் வாசிப்பதை விட்டுவிடவில்லை.